இடுப்பு முறிவும் தலைவிதியும்

நம்மவர் இழவு வீடுகளில் மூதாட்டியர் பலருடைய கடைசிக்கால வரலாறு நான்கே சொற்களில் முடிந்துவிடுவதைக் கேட்டிருக்கிறேன். "விழுந்தாள், இடுப்புப் போயிற்று, படுத்தாள், போய்ச் சேர்ந்தாள்." கேட்டவர்களுள் ஒருவர், "வயது ஆயிற்றல்லவா?" என்பார். மற்றொருவர் ஏழரைச் சனியை இழுப்பார். மூன்றாமவர், "எழுதின எழுத்தை யாரால் அழிக்க முடியும்?" என்று பெருமூச்செறிவார். அதற்குள் காப்பி வந்துவிடும். பேச்சு வேறு பக்கம் திரும்பும். அம்மூதாட்டி ஏன் விழுந்தாள், விழுந்தபோது அவளுடைய எலும்பு ஏன் முறிந்தது என்னும் இரண்டு கேள்விகளையும் எழுப்புவார் அங்கு ஒருவருமில்லை.

இவ்விரண்டும் வேறு வேறு கேள்விகள் என்பதை முதலில் உணர்தல் வேண்டும். நடை பழகும் குழந்தை நாளொன்றுக்குப் பத்து முறை விழுகிறது. எழுந்து மீண்டும் ஓடுகிறது. நின்ற நிலையிலிருந்து தரையில் சாய்வது மனித உடலுக்குப் பெரியதோர் விபத்தன்று. மரத்தினின்றும் வீழ்ந்தவனுக்கும் மோட்டார் வண்டியில் அடிபட்டவனுக்கும் எலும்பு முறிவது இயற்கை. வெறுமனே கால் இடறிப் பக்கவாட்டில் சாய்ந்த அளவிலேயே உடலின் மிகப் பெரிய எலும்பு முறியுமானால், அவ்வெலும்பு முன்னமே நொய்ந்திருந்தது என்பதே பொருள். நொய்ந்த எலும்பும் ஒரு வீழ்ச்சியும் ஒன்றையொன்று சந்திக்கும் நாழிகையே அந்த முறிவு. எலும்பு நொய்வதற்குக் காரணங்கள் உண்டு. விழுவதற்கும் காரணங்கள் உண்டு. காரணமுள்ள ஒன்றை விதியென்பது, காரணத்தைத் தேடச் சோம்புவோர் சொல்லும் சமாதானம்.

ரப்பர்த் தோட்டத்தில் ஒரு மரம் காற்றில் சாய்ந்தால், கங்காணி முதல் துரை வரையில் யாரும் அதை மரத்தின் விதி என்று சொல்லிச் சென்றதில்லை. வேரைத் தோண்டிப் பார்த்தார்கள். வெள்ளை வேர் நோய் பற்றியிருக்கிறதா என்று ஆராய்ந்தார்கள். பற்றியிருந்தால் பக்கத்து மரங்களின் வேர்களையும் சோதித்து மருந்திட்டார்கள். என்னை? மரம் முதலாளியின் சொத்து. அது சாய்ந்தால் நஷ்டம். அம்மரத்தை முப்பது ஆண்டுகள் சீவிய பெண்பிள்ளை சாய்ந்தால் மட்டும் சாத்திரமும் சனியும் ஓடி வந்துவிடுகின்றன.

இடுப்பு முறிந்தது என்று நாம் சொன்னாலும், முறிவது இடுப்பெலும்பு அன்று, தொடையெலும்பின் மேற்பகுதியே. தொடையெலும்பின் உச்சியில் பந்து போன்ற தலை ஒன்றுண்டு. அது இடுப்பெலும்பின் குழியில் அமர்ந்து சுழல்கிறது. அத்தலையைத் தண்டுடன் சேர்ப்பது குறுகியதோர் கழுத்து. உடலின் பாரம் சாய்வாக இறங்குவது அக்கழுத்தின் வழியே. அங்கேயோ, அதற்குச் சற்றுக் கீழேயோ முறிவு நேர்கிறது. முறிந்த கால் பெரும்பாலும் சற்றுக் குட்டையாகி, பாதம் வெளிப்புறமாகத் திரும்பிக் கிடக்கும். ஊன்றி நிற்க இயலாது. கழுத்து முறிந்து இடம் பெயர்ந்தால் தலைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய்களும் அறுபடுவதுண்டு. எண்ணெய் தடவி நீவுவதால் இது கூடாது என்பதற்கு இந்த ஓர் உண்மையே போதும்.

எலும்பைக் கல்லென்று நினைப்போர் பலர். அஃது உயிருள்ள பொருள். பழைய எலும்பைக் கரைக்கும் அணுக்களும் புதியதைக் கட்டும் அணுக்களும் வாழ்நாள் முழுதும் ஓயாது வேலை செய்கின்றன. முப்பது வயதளவில் எலும்பின் இருப்பு உச்சத்தை அடைகிறது. அதன்பின் செலவு வரவை மெல்ல மிஞ்சுகிறது. பெண்களுக்கு மாதவிலக்கு நிற்கும் பருவத்தில் எஸ்ட்ரோஜென் என்னும் சுரப்பு குறைந்துபோகிறது. கரைக்கும் அணுக்களுக்கு அதுவரை கடிவாளமாயிருந்தது அச்சுரப்பே. கடிவாளம் அறுந்ததும் சில ஆண்டுகள் எலும்பு விரைந்து கரைகிறது. ஆண்களுக்கு இத்தகைய திடீர்ச் சரிவு இல்லை. அவர்களுடைய எலும்பு தொடக்கத்திலேயே பருத்ததுமாகும். இம்முறிவுக்கு ஆளாவோரில் நான்கில் மூன்று பங்கினர் பெண்களாயிருப்பதற்குப் பெரியதோர் காரணம் இது. 45 வயதுக்கு முன்னரே மாதவிலக்கு நின்றவர்களும், கருப்பையோடு சூலகங்களையும் அறுத்தெடுக்கப்பெற்றவர்களும் இச்சரிவில் முன்னதாகவே இறங்கிவிடுகின்றனர். நம் குடும்பங்களிலோ இச்செய்தியை வாய்விட்டுப் பேசுவாரில்லை. "தீட்டுத் தொல்லை விட்டது" என்று அப்பெண் தனக்குள் சொல்லிக்கொள்வதோடு சரி. அவளுடைய உடலில் ஒரு பெரிய மாறுதல் தொடங்கிவிட்டது என்பதைக் கணவனும் அறியான், பிள்ளைகளும் அறியார், அவளே அறியாள்.

இது வயதின் இயல்புதானே, எக்காலத்தும் உள்ளதுதானே என்று கூறுவார் உளர். அவர்கள் சிங்கப்பூர்க் கணக்கைச் சற்று நோக்குவாராக. 1991 முதல் 1998 வரையிலான மருத்துவமனைப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், அங்கு 50 வயதைக் கடந்த பெண்கள் ஒரு லட்சம் பேரில் ஆண்டொன்றுக்குச் சுமார் 400 பேருக்கும், ஆண்களில் சுமார் 150 பேருக்கும் இம்முறிவு நேர்ந்ததாகக் கண்டனர். 1960களின் கணக்கோடு, வயது வேற்றுமையை ஈடுசெய்து, இதை ஒப்பிட்டபோது ஆண்களில் ஒன்றரை மடங்கும் பெண்களில் ஐந்து மடங்கும் பெருகியிருந்தது. சீனப் பெண்களிடையே மிகுதி. இந்தியப் பெண்கள் அவர்களுக்குச் சற்றே பின். மலாய்ப் பெண்களிடையே குறைவு. முப்பது ஆண்டுகளுக்குள் பெண்களின் தலையெழுத்தை மட்டும் ஐந்து மடங்கு கடுமையாக எழுத பிரமதேவனுக்கு என்ன வந்தது? மாறியது எழுத்தன்று; வாழ்க்கை. நடந்தவர்கள் உட்கார்ந்தார்கள், வெயிலில் நின்றவர்கள் மாடி வீட்டினுள் அடைந்தார்கள்.

அமெரிக்க நாட்டில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன 9,516 வெள்ளைப் பெண்களை நான்கு ஆண்டுகளுக்குச் சற்று மேலாகத் தொடர்ந்து கவனித்து, 1995ல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றுண்டு. அவர்களுள் 192 பேருக்குத் தொடையெலும்பு முறிந்தது. முறிந்தவர்களையும் முறியாதவர்களையும் பிரித்துக் காட்டியவை யாவை என்று பார்த்தார்கள். தாய்க்கு இதே முறிவு நேர்ந்திருந்தால் மகளுக்கு அபாயம் ஏறக்குறைய இரு மடங்கு. 50 வயதுக்குப் பின் வேறு ஏதேனும் எலும்பு முறிந்திருந்தால் அதுவும் ஓர் அறிகுறி. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியாதவர்கள், நாளொன்றுக்கு நான்கு மணிக்கும் குறைவாகவே காலூன்றி நிற்பவர்கள், நெடுநேரம் உடலில் தங்கும் தூக்க மாத்திரை உண்பவர்கள், வலிப்பு மருந்து உண்பவர்கள், தைராயிடு சுரப்பு முன்னர் மிகுந்திருந்தவர்கள், படியின் ஆழத்தைக் கண்ணால் மட்டிட இயலாதவர்கள், இளமையில் நெட்டையாயிருந்தவர்கள், வாலிபத்தில் இருந்த எடையும் முதுமையில் குறைந்துபோனவர்கள் என்று பட்டியல் நீளுகிறது. இவற்றுள் இரண்டுக்கு மேற்படாமல் எலும்பும் திடமாயிருந்த பெண்களில் ஆண்டுக்கு ஆயிரம் பேரில் ஒருவருக்கே முறிவு நேர்ந்தது. ஐந்தோ அதற்கு மேலோ உடையவராய், எலும்பும் மெலிந்திருந்தவர்களில் ஆயிரத்துக்கு 27 பேருக்கு நேர்ந்தது. ஒன்றுக்கும் இருபத்தேழுக்கும் இடையேயுள்ள தூரத்தைச் சனி கிரகம் அளந்து வைக்கவில்லை.

அப்பட்டியலை நான் முதன்முதல் படித்தபோது, அஃது அமெரிக்கப் பெண்களைப் பற்றியதாக எனக்குத் தோன்றவில்லை. என் பெரியம்மாவின் வாழ்க்கை வரலாறாகவே தோன்றிற்று.

அவர் பேராக் மாநிலத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் சீவியவர். விடியுமுன் எழுந்து சமைத்து, பெரட்டுக்குப் போய், மரத்துக்கு மரம் நடந்து, நிறைந்த பால் வாளிகளைச் சுமந்து கொட்டகைக்குக் கொண்டுவந்து சேர்த்தவர். வேலையின் கடுமையை நான் புகழ வரவில்லை. அந்த நடையும் சுமையும் அவருடைய எலும்பைத் திடமாக வைத்திருந்தன என்பது மட்டும் உண்மை. பாரம் ஏறும் எலும்பே பருக்கும். தோட்டத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்து, குடும்பங்கள் கலைந்தபோது, 1990களில் அவர் மகனோடு பட்டணத்து அடுக்குமாடி வீடொன்றின் நான்காம் மாடிக்குக் குடியேறினார். மின்தூக்கி ஓடும் நாளைவிட ஓடாத நாள் அதிகம். கீழே இறங்கினால் ஏற வேண்டுமே என்னும் அச்சத்தால் இறங்குவதையே நிறுத்திவிட்டார். காலையில் நாற்காலி, மாலையில் தொலைக்காட்சி. முப்பது ஆண்டுகள் நடந்த கால்கள் மூன்றே ஆண்டுகளில் மெலிந்தன.

அவருக்கு 61 வயதில் மார்க்கெட்டுப் படியில் கால் வழுக்கி வலக்கை மணிக்கட்டு முறிந்தது. ஒரு மருத்துவ நிலையத்தில் மாவுக்கட்டுப் போட்டு ஆறு வாரத்தில் அவிழ்த்தார்கள். கை சரியாயிற்று, கட்டியவர்களும் மறந்தார்கள், குடும்பமும் மறந்தது. மாதவிலக்கு நின்ற பெண்ணொருத்திக்குச் சிறு வீழ்ச்சியில் மணிக்கட்டு முறிவது, எலும்பு எழுதி அனுப்பும் முதற்கடிதம். அக்கடிதத்தைப் பிரித்துப் படிப்பார் யாருமில்லாமற் போயிற்று. இரண்டாங்கடிதம் முதுகில் வந்தது. அவர் கூனத் தொடங்கினார், உயரம் குறைந்தது. எப்போதும் கட்டும் புடைவையே தரையில் புரளத் தொடங்கிற்று. இடுப்பில் இன்னொரு மடிப்பாகச் செருகிக்கொண்டார். வயதானால் கூன் விழும் என்று எல்லோரும் சொன்னார்கள். முதுகெலும்புக் கட்டைகள் ஒன்றன்மேலொன்று நசுங்கி, வலிகூடப் பெரிதாகத் தோன்றாமலே கூன் விழுவதுண்டு என்பதைச் சொல்வார் இல்லை.

இவற்றுக்கிடையே நீரிழிவு வந்தது. மலேசிய நாட்டில் நீரிழிவு மிகுதியாகப் பற்றியிருப்பது நம்மவரையே என்பதை அரசாங்கச் சுகாதாரக் கணக்குகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன. சர்க்கரை நோய்க்கும் எலும்புக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். சிங்கப்பூரில் 63,000 சீன ஆண் பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆராய்ச்சியில், நீரிழிவுடையோருக்குத் தொடையெலும்பு முறிவு ஏறக்குறைய இரு மடங்காயிருந்ததாக 2010ல் வெளியிட்டார்கள். நீரிழிவு எலும்பின் தரத்தைக் கெடுக்கிறது. பாதத்தின் உணர்ச்சியை மழுக்குகிறது. கண்ணின் பின்திரையைப் பழுதாக்குகிறது. மருந்து மிகுந்து உணவு குறைந்த வேளையில் தலை சுற்றச் செய்கிறது. பெரியம்மாவுக்கு ஒரு கண்ணில் புரையும் இருந்தது. "இந்த வயதில் யார் முகத்தைப் பார்க்கப் போகிறேன்?" என்று அறுவையைத் தள்ளிப்போட்டார். பெரியப்பா காலமான பின் உறக்கம் வராமையால் மாத்திரை ஒன்று வழக்கமாயிற்று. விதவையான பின் மீனும் இறைச்சியும் விட்டார். வெள்ளிக்கிழமை, கார்த்திகை, சஷ்டி, அமாவாசை என்று மாதத்தில் பாதி நாள் ஒருவேளை உண்டார். எடை 39 கிலோ.

74ஆம் வயதில் ஒரு விடியற்காலை, ஐந்து மணிக்குக் குளியலறையில் சாய்ந்தார்.

அதன்பின் நடந்ததை நான் விரித்துரைக்க விரும்பவில்லை. ஆயினும் சிலவற்றைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரைக்குப் பொருளில்லை. உளுக்கு எடுப்பவர் ஒருவர் அழைக்கப்பட்டார். மூங்கில் சிம்பு வைத்துக் கட்டி, எண்ணெய் ஊற்றி, நாள்தோறும் வந்து நீவினார். சனிக்கிழமை எள் விளக்கு ஏற்றினார்கள். எட்டு நாள் கழிந்து, அவர் அலறல் தாங்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசென்றார்கள். எக்ஸ்-ரே பார்த்த வைத்தியர் அறுவை வேண்டும் என்றார். பிள்ளைகளும் மருமக்களும் கூடி, இந்த வயதில் கத்தி வைப்பதா, தாங்குவாரா, போகிற உயிர் நிம்மதியாகப் போகட்டுமே என்று இரண்டு நாள் விவாதித்தார்கள். படுத்திருந்தவரை யாரும் கேட்கவில்லை. கேளாமலே அவர் சொன்னார்: "வெட்டச் சொல்லுங்கடா. எழுந்து நடந்து கக்கூசுக்குப் போகணும். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு." பன்னிரண்டாம் நாள் அறுவை நடந்தது. அதற்குள் நெஞ்சில் சளி கட்டியிருந்தது. முதுகின் அடியில் படுக்கைப் புண் வந்திருந்தது. உட்கார்ந்தார், நடக்கவில்லை. ஐந்தாம் மாதம் இறந்தார்.

இத்தகைய முறிவுக்கு ஆளான முதியோரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் முதல் நான்கில் ஒருவர் வரை ஓராண்டுக்குள் இறக்கின்றனர் என்றும், பிழைத்தோருள் பாதிப்பேர் முன்போல் நடக்கும் வலிமையைத் திரும்பப் பெறுவதில்லை என்றும் வைத்திய நூலார் கூறுகின்றனர். கத்தி வைத்தால் ஆபத்து என்போர், வைக்காமல் விட்டால் நேரும் ஆபத்தைக் கணக்கில் கொள்வதில்லை. அசையாமல் கிடப்பவருக்கு நுரையீரலில் கபம் கட்டுகிறது, காலில் இரத்தம் உறைகிறது, தோல் அழுகுகிறது, எஞ்சிய தசையும் உருகுகிறது. இங்கிலாந்து தேசத்து வைத்திய நெறிமுறை, நோயாளி சேர்ந்த அன்றோ மறுநாளோ அறுவை நடக்க வேண்டும் என்கிறது. அறுவைக்கு மறுநாளே எழுப்பி உட்கார வைத்து நிற்கப் பழக்க வேண்டும் என்கிறது. எண்பதும் தொண்ணூறும் ஆனவர்களுக்கும் இவ்வறுவை நாள்தோறும் நடக்கிறது. உடல்நிலை இடங்கொடாத சிலருக்கு வேண்டாம் என்று வைத்தியர் சொல்லக்கூடும். அதை வைத்தியர் சொல்லட்டும், கூடத்தில் உட்கார்ந்திருக்கும் சித்தப்பா சொல்ல வேண்டியதில்லை. மலேசிய அரசாங்க மருத்துவமனைகளில் உள்ளே பொருத்தும் ஆணிக்கும் செயற்கை மூட்டுக்கும் தனிச் செலவு நேர்வதுண்டு. அப்பணமின்மையால் நாட்கள் கழியுமானால், அங்குள்ள மருத்துவச் சமூகப் பணிப் பிரிவிலே முதல் நாளே சென்று கேட்க வேண்டும். கேட்க வெட்கப்படுவோர் நம்மில் அதிகம்.

விழுமுன் செய்யத்தக்கவை பல. அவற்றுள் பெரும்பாலனவற்றுக்குப் பணமும் வேண்டா. பெரியம்மா எழுந்த நேரத்தைக் கவனியுங்கள். இரவில் உண்ட தூக்க மாத்திரையின் மயக்கம் தெளியாத நேரம், படுக்கையினின்றும் சட்டென்று எழுந்தால் இரத்த அழுத்தம் இறங்கித் தலை கிறுகிறுக்கும் நேரம், விளக்கில்லாத நடை, நீர் தேங்கிய வழுக்குத் தரை, பிடிக்க ஒன்றுமில்லாத சுவர், அடி தேய்ந்த சிலிப்பர். ஒவ்வொன்றும் அற்பம், ஆறும் சேர்ந்து ஓர் உயிர். சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 2012 முதல், முதியோர் வாழும் வீடுகளில் பிடிகம்பி பதிக்கவும் குளியலறைத் தரையை வழுக்காமற் செய்யவும் செலவின் பெரும்பகுதியைத் தானே ஏற்கும் திட்டமொன்றை நடத்தி வருகிறது. அத்திட்டம் எட்டாத ஊர்களில் ஒரு கொத்தனாருக்கு அரைநாள் வேலை. பூசையறைக்குப் பளிங்கு பதிக்கப் பணம் தேடும் வீட்டில், குளியலறைச் சுவருக்கு ஒரு கம்பி வாங்கப் பணமில்லை என்றால் நான் நம்பமாட்டேன்.

கண்ணைப் பற்றியும் ஒரு சொல். இங்கிலாந்தில் நாட்டிங்காம் நகரில் 70 வயது கடந்த பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு ஒரு கண்ணின் புரையை உடனே நீக்கி, மற்றவரைக் காத்திருக்கச் செய்து பார்த்தார்கள். உடனே அறுவை பெற்றவர்கள் விழுவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 2005ல் எழுதினார்கள். யார் முகத்தைப் பார்க்கப் போகிறேன் என்று கேட்கும் பாட்டிமாருக்கு விடை இதுவே: தரையைப் பார்க்க வேண்டும்.

உடற்பயிற்சி என்றதும் நம் தாய்மார் சிரிப்பார்கள். ஒற்றைக் காலில் நின்று பழகுவதும், நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்துமுறை எழுந்து உட்காருவதும், நாள்தோறும் நடப்பதும் எந்த வீட்டிலும் செய்யக்கூடியவை. பல நாடுகளில் நடந்த சோதனைகளைத் திரட்டி 2019ல் வெளியிட்ட ஆய்வில், உடற்பயிற்சி செய்யும் முதியோர் விழுவது கால் பங்களவு குறைந்தது என்று கண்டனர். விடியற்காலையில் பூங்காக்களில் சீன மூதாட்டியர் கூட்டமாக நின்று மெல்லக் கையசைத்துக் கால் மாற்றி வைக்கும் தைச்சியைப் பார்த்து நகைக்கும் நம்மவர், அதில் சேர்ந்துகொண்டால் நல்லது.

உணவின் செய்தி நெடியது. இரண்டொன்று மட்டும் சொல்கிறேன். ஐம்பதைக் கடந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்று மலேசிய உணவு அட்டவணை விதிக்கிறது. கேழ்வரகு 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் உண்டு. தோட்டத்து லயங்களில் ஏழைக் கஞ்சி என்று இகழப்பட்ட அந்தக் கூழை இப்போது நம்மவர் மறந்துவிட்டனர். தலையோடும் முள்ளோடும் மென்று தின்னும் நெத்திலி, முருங்கைக்கீரை, எள், பால், தயிர், தவ்வு ஆகியவையும் துணை. ஆயினும் உண்மையான தடை பொருளின் விலையன்று; வீட்டில் பெண் கடைசியில் உண்ணும் வழக்கமே. கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் போக எஞ்சிய குழம்பும் சோறும் அவளுக்கு. விதவையாகிவிட்டால் அதிலும் பாதி விரதத்துக்கு. மெலிந்த உடலுக்கு மெலிந்த எலும்பு. விழும்போது தொடையில் தாங்கச் சதையுமில்லை. வாரத்துக்கு மூன்று பட்டினியால் எந்தத் தெய்வம் மகிழ்கிறது என்பதை விரதம் வகுத்தவர்களே சொல்லட்டும்.

மாத்திரைக் கடைக்கு ஓடுவோருக்கும் ஓர் எச்சரிக்கை. பிரான்சில் முதியோர் விடுதிகளில் அடைந்து கிடந்த 3,270 பெண்களுக்குக் கால்சியமும் வைட்டமின் டியும் கொடுத்ததில் தொடையெலும்பு முறிவு 43 விழுக்காடு குறைந்தது என்று 1992ல் கண்டார்கள். ஆனால் உடல்நலத்தோடு நடமாடுவோருக்கு வைட்டமின் டி மட்டும் கொடுத்துப் பார்த்த அமெரிக்கச் சோதனை, முறிவு குறையவில்லை என்று 2022ல் கூறிற்று. ஆஸ்திரேலியாவில் ஆண்டுக்கொருமுறை பெருந்தொகையாக விழுங்கக் கொடுத்தபோது விழுவதும் முறிவதும் கூடவே செய்தன. குறையுள்ளவருக்குக் குறையை நிரப்பினால் பயன் உண்டு. இல்லாதவருக்குப் பெட்டி பெட்டியாக வாங்கிக் கொடுத்தால் கடைக்காரருக்கே பயன். வெயிலோ இலவசம். கறுத்த தோலுக்கு அதிக வெயில் வேண்டும். "வெயிலில் நிற்காதே, கறுத்துப்போவாய்" என்று சிறுமியரை உள்ளே விரட்டும் நம் வழக்கம் இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது.

மூட்டு வலிக்குச் சந்தையில் விற்கும் பெயரில்லாப் பொடியும் உருண்டையும் வேறொரு கேடு. உண்டவுடன் வலி பறந்துவிட்டது என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்வாள். அவற்றுட் சிலவற்றில் ஸ்டீராய்டு மருந்தைக் கள்ளத்தனமாகக் கலந்திருப்பதை மலேசியச் சுகாதார அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்துள்ளனர். பல மாதம் உள்ளே சென்ற ஸ்டீராய்டு எலும்பைக் கறையான்போல் அரிக்கும். வலி போனது மெய். எலும்பும் போனது மெய். ஈளைக்கும் வாதத்துக்கும் வைத்தியரே அம்மருந்தைக் கொடுத்திருந்தால் தாமாக நிறுத்தலாகாது; எலும்புக்கு என்ன செய்வது என்று அவரையே கேட்க வேண்டும்.

இப்போது ஒரு சிறு கணக்கு. எட்டு ஆசிய நாடுகளைச் சேர்ந்த, மாதவிலக்கு நின்ற 860 பெண்களை அளந்து, 2001ல் ஆசியப் பெண்களுக்கென்றே ஒரு வாய்பாடு வகுத்தார்கள். சிங்கப்பூரில் அதை எளிதாக்கி வழங்கினார்கள். வயதிலிருந்து கிலோக் கணக்கிலான எடையைக் கழிக்க வேண்டும். மிச்சம் 20க்கு மேற்பட்டால் எலும்பு மெலிந்திருக்கும் அபாயம் மிகுதி. பூச்சியம் முதல் 20 வரை நடுத்தரம். அதற்குக் கீழ் குறைவு. இது நோயைத் தீர்மானிக்கும் சோதனை அன்று. யாரை எலும்பு அடர்த்தி அளக்கும் கருவியின்முன் முதலில் அனுப்ப வேண்டும் என்று காட்டும் கைகாட்டி மட்டுமே. பருத்தவர்கள் இதைக்கொண்டு நிம்மதியடைய வேண்டா. நீரிழிவும் ஸ்டீராய்டும் முந்தைய முறிவும் இக்கணக்கில் அகப்படமாட்டா. எலும்பு மெலிந்தது உறுதியானால் கரைவதைத் தடுக்கும் மருந்துகள் உண்டு. வாரம் ஒருமுறை விடியலில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி அரைமணி நேரம் படுக்காமலிருக்க வேண்டிய மாத்திரை பல ஆண்டுகளாகவே வழக்கிலிருக்கிறது. பெரியம்மாவுக்கு எவரும் அதைப் பற்றிச் சொன்னதில்லை. அவருடைய 74லிருந்து 39ஐக் கழித்தால் 35.

சென்ற மாதம் அவருடைய மூத்த மகளுக்கு இக்கணக்கைச் சொன்னேன். அவருக்கு வயது 58. எடை 46 கிலோ. மிச்சம் 12, நடுத்தரந்தான். ஆனால் தாய்க்கு முறிந்திருக்கிறது; தமக்கு 44 வயதிலேயே மாதவிலக்கு நின்றுவிட்டது என்பதை அவர் அன்றுதான் தம் கணவரிடமே சொன்னார். கணவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு எந்த மருத்துவமனையில் அளக்கிறார்கள் என்று கேட்டார். அடுத்த மாதம் 18ஆம் தேதி காலை ஒன்பது மணிக்கு நாள் குறித்திருக்கிறார்கள். அன்றைக்குக் கார்த்திகை விரதமாம். உண்டுவிட்டே வருவதாகச் சொல்லியிருக்கிறார்.